புத்தகம் எழுதியாச்சு, பதிப்பாளர் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "புத்தகம் போடுவதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்தத் தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களுக்கு ஆளுக்கொரு கையெழுத்துப் பிரதி மேஜை இழுப்பறையில் இருக்கிறது போல. கதை, கவிதை பற்றிய கடிதங்களை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன், அது வேறு உலகம். வரலாறு, குடும்பக் கதை, சமையல், உடல்நலம், கோயில் என்று நடந்ததையும் தெரிந்ததையும் எழுதுகிறவர்களின் கேள்விகள் மட்டும் இந்த முறை. பெயர்களை எடுத்துவிட்டேன்.

வெருலம் வாசகர்: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்து பாரக்ஸ் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்த கதையை ஆங்கிலத்தில் 400 பக்கம் எழுதியிருக்கிறேன். சில பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றே ஒன்று பதில் போட்டது: "நன்றாக இருக்கிறது, ஆனால் சந்தை சிறியது." உழைத்து எழுதினவனுக்கு இவ்வளவுதான் மரியாதையா?

ஐயா, அந்தப் பதில் போட்டவர்மேல் கோபப்படாதீர்கள். பதிலே போடாதவர்களைவிட அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். ஒரு பதிப்பகத்தில் உங்கள் எழுத்தைப் படித்து ரசிக்கிறவர் ஒருவர், பணம் போடலாமா என்று முடிவு செய்கிற கூட்டம் வேறு. படித்தவர் அந்தக் கூட்டத்துக்குப் போய், "இதை யார் வாங்குவார்கள், அவர்களிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்" என்ற கேள்விக்கு உங்கள் சார்பில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அந்தப் பதிலை அவர் கையில் கொடுக்கவில்லை. அதனால் அவர்களே ஒரு பதிலை எழுதிக்கொண்டார்கள், சந்தை சிறியது என்று.

உங்கள் கடிதத்தில் "எல்லாத் தென்னாப்பிரிக்க இந்தியர்களும் படிக்க வேண்டிய நூல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் பதிப்பாளர்கள் தினமும் பார்க்கிறார்கள், பார்த்ததும் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்கள். எல்லாரும் என்றால் யாரும் இல்லை. உங்கள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் யார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்பது வரை எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "எங்கள் ஊர் எது, அங்கே இன்னும் யாராவது இருக்கிறார்களா" என்று தேடுகிற கொள்ளுப்பேரன்களும் கொள்ளுப்பேத்திகளும் இன்று சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள், லெனேசியாவில் இருக்கிறார்கள், பெர்த்திலும் டொராண்டோவிலும் கூட இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்காகத் தேடுகிறவர்கள் தனி. இவர்கள்தான் உங்கள் வாசகர்கள். உங்கள் குடும்பத்தின் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது, ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் இவர்களுக்கு அவசரமாக வேண்டியிருக்கிறது.

அதனால் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு, அந்த விஷயத்தை எழுதுங்கள். கப்பல் பட்டியலை எப்படிப் படிப்பது, வட ஆற்காட்டு ஊர்ப் பெயர்களைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எப்படியெல்லாம் எழுதி வைத்தான், ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே கப்பலில் இருந்தால் எதைப் பார்த்துப் பிரிப்பது, பாரக்ஸில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள், ரேஷனில் என்ன கொடுத்தார்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு விஷயம், 600 வார்த்தைக்கு மேல் போக வேண்டாம். 'போஸ்ட்' வார இதழுக்கு அனுப்புங்கள், 'ரைசிங் சன்' மாதிரி வீடு தேடி வரும் உள்ளூர்த் தாள்களுக்கு அனுப்புங்கள், கோயில் மலர் கேட்டால் அதற்கும் கொடுங்கள். நவம்பர் 16 நெருங்கும்போது எல்லாப் பத்திரிகைகளும் லோட்டஸ் எஃப்எம் வானொலியும் இதைப் பற்றிப் பேச ஆள் தேடும். அவர்கள் தேட ஆரம்பிப்பது அக்டோபரில், ஆகவே நீங்கள் செப்டம்பரிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். நவம்பர் 15 அன்று போன் செய்தால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள்.

ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் உங்கள் பெயர், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பற்றிப் புத்தகம் எழுதிவருகிறீர்கள் என்று அரை வரி, ஒரு இமெயில் முகவரி. கடிதம் வரும். அந்தக் கடிதங்களுக்குப் பதில் போடுங்கள், இது முக்கியம், நம்மவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பதில் கிடைத்த ஒவ்வொருவரும் பின்னால் உங்கள் புத்தகத்தை இரண்டு பிரதி வாங்குவார்கள், ஒன்று அண்ணனுக்கு. டர்பனில் உள்ள 1860 ஹெரிடேஜ் சென்டர் அருங்காட்சியகத்திலோ உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலோ பேசக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லாமல் போங்கள், பேசி முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டுப் பெயரும் இமெயிலும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் இப்படி நடந்த பிறகு அதே பதிப்பகத்துக்கு எழுதுங்கள். இந்தத் தொடர் இந்தத் தாளில் வந்தது, இத்தனை பேர் எழுதினார்கள், இத்தனை பேர் என் பட்டியலில் இருக்கிறார்கள், இந்த இந்தச் சங்கங்கள் வெளியீட்டு விழா நடத்தத் தயார் என்று. "நன்றாக இருக்கிறது" என்று சொன்ன அதே ஆள் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். யாருக்கு எழுதுவது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். யுகேஇசட்என் பிரஸ் (குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம்), எச்எஸ்ஆர்சி பிரஸ் (மனித அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் பதிப்பகம்) போன்றவை நம் வரலாற்றை முன்பே போட்டிருக்கிற இடங்கள், ஜகானா மாதிரி பொதுவாசகர் பதிப்பகங்களின் எதிர்பார்ப்பு வேறு. கடையில் போய் உங்கள் புத்தகம் எந்த அலமாரியில் நிற்கும் என்று பார்த்து, அந்த அலமாரியில் உள்ள நூல்களின் முதுகில் யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம், 400 பக்கம் அதிகம். எந்தச் சித்தப்பா யாரைக் கட்டினார் என்கிற அத்தியாயங்களைத் தனியாகப் பிரித்துக் குடும்பத்துக்கு மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: நான் நர்ஸாக இருந்தவள். நம் வீடுகளில் சர்க்கரை நோயோடு எப்படிச் சமைத்து, சாப்பிட்டு, விரதம் இருந்து வாழ்வது என்று எழுத ஆசை. முழுவதும் எழுதின பிறகுதான் பதிப்பாளரிடம் போக வேண்டுமா? 'ப்ரொபோசல்' என்கிறார்களே, அது என்ன?

வேண்டாம் அம்மா, முழுக்க எழுதிவிட்டுப் போகாதீர்கள். நாவலென்றால் முழுப் பிரதியும் கேட்பார்கள். உங்களுடையது மாதிரித் தகவல் நூலுக்குப் பெரும்பாலும் முன்மொழிவும், அதாவது நீங்கள் கேட்ட 'ப்ரொபோசல்', ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயங்களும் போதும். மேலே வெருலம்காரர் எழுதியிருப்பது மாதிரி சொந்தக் கதையென்றால், எழுதியவர் பெயர் வெளியே தெரியாத நிலையில், முழுதாக எழுதிவிட்டு வாருங்கள் என்பார்கள். எழுத்தே அங்கே சரக்கு.

முன்மொழிவு என்பது 15, 20 பக்கம். முதல் பக்கத்திலேயே புத்தகம் எதைப் பற்றி, இப்போது ஏன் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும், முன்னுரை மாதிரி சுற்றி வளைக்கக் கூடாது. பிறகு யார் வாங்குவார்கள் என்பது, பிறகு நீங்கள் யார், இதை எழுத உங்களுக்கு என்ன தகுதி. இந்த இடத்தில் நம் பெண்கள் கூச்சப்பட்டு இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் எத்தனை ஆண்டு வார்டில் நின்றீர்கள், எத்தனை விதமான வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தீர்கள் என்பதைக் கூசாமல் எழுதுங்கள், அதைத்தான் அவர்கள் வாங்கப் போகிறார்கள். அதற்கடுத்து ஒவ்வொரு அத்தியாயத்திலும் என்ன வரும் என்று ஒரு பத்தி. கடைசியாக மாதிரி அத்தியாயம், அது புத்தகத்திலேயே சிறந்த அத்தியாயமாக இருக்கட்டும், முதல் அத்தியாயமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இடையில் ஒன்றை விட்டுவிட்டேன், அதில்தான் பலர் மாட்டிக்கொள்வது: ஒப்பு நூல்கள். உங்கள் புத்தகம் போல ஏற்கெனவே வந்தவை எவை, உங்களுடையது எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று எழுதச் சொல்வார்கள். "என் புத்தகம் மாதிரி இதுவரை எதுவுமே வந்ததில்லை" என்று பெருமையாக எழுதாதீர்கள். அதைப் படிக்கிறவர் இரண்டில் ஒன்றுதான் நினைப்பார், இவர் கடைப்பக்கமே போகவில்லை, இல்லாவிட்டால் இதை வாங்க ஆளே இல்லை. சர்க்கரை நோய்க்கு ஆயிரம் சமையல் நூல் இருக்கிறது. அவற்றில் எதிலாவது காவடிக்கு விரதம் இருக்கிற மாதத்தில் மாத்திரையை எப்போது போடுவது என்று இருக்கிறதா, மாரியம்மன் பூசைக் கூழை எவ்வளவு குடிக்கலாம், கல்யாண வீட்டு பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்று இருக்கிறதா? அதை எழுதுங்கள். மருத்துவ விஷயத்தை ஒரு டாக்டர் படித்துச் சரிபார்த்தார் என்று ஒரு வரி சேர்த்தால் பதிப்பாளரின் வக்கீலும் நிம்மதியாகத் தூங்குவார்.

ஃபீனிக்ஸ் வாசகர்: பேஸ்புக்கில் எனக்கு 5,000 நண்பர்கள். இதைக் காட்டினால் பதிப்பாளர் ஒத்துக்கொள்வாரா?

உங்கள் பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்கிறவர்கள் உங்கள் புத்தகத்தை வாங்குவார்கள் என்று பதிப்பாளர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. அந்த 5,000 பேரில் எத்தனை பேர் உங்கள் விஷயத்துக்காக வந்தவர்கள்? ஃபீனிக்ஸின் பழைய பஸ் கம்பெனிகளைப் பற்றித்தானே எழுதுகிறீர்கள். அதற்கென்று தனியாக ஒரு பக்கம் தொடங்கி, வாரம் ஒரு பழைய பஸ் படம், அது ஓடிய ரூட், டிரைவர் யார் என்று போடுங்கள். கீழே வருகிற கமெண்டுகளில் சண்டை நடந்தால் நல்லது, அதில் பாதித் தகவல் உங்கள் புத்தகத்துக்குள் போகும். 800 பேர் அப்படிச் சேர்ந்தாலும் அந்த 5,000ஐவிட கனம்.

இமெயில் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக் நாளைக்கு விதியை மாற்றினால் உங்கள் பதிவு யார் கண்ணிலும் படாது, இமெயில் பட்டியல் மட்டும்தான் உங்களுடையது. சப்ஸ்டாக், மெயில்சிம்ப் மாதிரி சேவைகளில் சின்ன அளவில் இலவசமாகவே தொடங்கலாம், மாதம் ஒரு கடிதம் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: உங்கள் போனில் இருக்கிற எல்லா முகவரியையும் அள்ளிப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். போப்பியா என்று நாம் சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது, விற்பனைக்காக இமெயில் அனுப்ப வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் சம்மதம் வேண்டும். கேட்டுச் சேருங்கள், வேண்டாம் என்றால் விலகுகிற வழியும் வையுங்கள். கோயில் உறுப்பினர் பட்டியலைச் செயலாளரிடம் வாங்கி அப்படியே ஏற்றிக்கொள்கிற வேலையும் இதில் அடங்கும், அதையும் செய்யாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: எங்கள் மாதர் சங்கத்தில் பாட்டிகளின் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். இன்டர்நெட்டில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் இதை யார் போடுவார்கள்?

நீங்களே போடுங்கள். டர்பனில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 'இந்தியன் டிலைட்ஸ்' சமையல் புத்தகம் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், எண்ணெய்க்கறையோடு. 1961இல் அதைக் கொண்டுவந்தது எந்தப் பெரிய பதிப்பகமும் அல்ல, டர்பன் விமன்ஸ் கல்ச்சுரல் குரூப் என்ற பெண்கள் குழுவே தொகுத்து, அச்சடித்து, விற்றது. தொகுத்த சுலேகா மாயத் அதற்கு முன்பே 'இந்தியன் வியூஸ்' வார இதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர், வாசகிகளுக்கு அவர் புதியவர் இல்லை. குழுவில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு கடை மாதிரி. பிறகு பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்து, வருமானம் மாணவர்களின் படிப்புக்கு உதவித்தொகையாகப் போனது.

உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்? ஆளுக்குப் பத்து பிரதி முன்பணம் வாங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியும் என்றால் பதிப்பாளரே வேண்டாம், நல்ல அச்சகமும் நல்ல புகைப்படக்காரரும் போதும். குறிப்புகளில் "தேவையான அளவு உப்பு", "கண்ணளவு புளி" என்று இருப்பதையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து சமைத்துப் பார்த்து அளவு போட்டே ஆக வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லெனேசியா வாசகர்: ஒரு நிறுவனம் என் சுயசரிதையைப் படித்துவிட்டு "அபாரம், உடனே வெளியிடுகிறோம்" என்று கடிதம் போட்டது. அச்சு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), உலகளாவிய விற்பனை எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒரு பெருந்தொகை கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். பதிப்பாளர் என்பவர் எழுதியவருக்குப் பணம் தருகிறவர், எழுதியவரிடம் வாங்குகிறவர் அல்ல. காசு கொடுத்து அச்சடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, அதை அச்சுக்கூலி என்று சொல்லி வாங்கினால் நியாயம். "அபாரம்" என்று சொல்லி வாங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

அவர்கள் சொன்ன பட்டியலையே எடுத்துப் பார்ப்போம். ஐஎஸ்பிஎன் எண்ணை இந்த நாட்டில் தேசிய நூலகம்தான் கொடுக்கிறது, கட்டணம் கிடையாது, நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கும் பணம் கேட்டார்கள் என்றால் மற்றக் கணக்கும் அப்படித்தான் இருக்கும். "உலகளாவிய விற்பனை" என்பது பெரும்பாலும் அமேசானில் ஒரு பக்கம் திறந்து வைப்பது. அதையும் நீங்களே ஒரு மதியப் பொழுதில் செய்துவிடலாம். அச்சுக்கு உங்கள் ஊரில் இரண்டு மூன்று அச்சகங்களில் 200 பிரதிக்கு விலை கேளுங்கள், வித்தியாசம் தெரியும். நீங்கள் நிஜமாகவே செலவு செய்ய வேண்டியது ஒரு நல்ல எடிட்டருக்கும் அட்டை வடிவமைப்பாளருக்கும்தான், அவர்களைப் பேசிப் பிடித்து நேரடியாகவே கொடுங்கள்.

சொந்தமாகப் போட்டால் சட்டப்படி நூலகங்களுக்கு வைப்புப் பிரதிகளும் அனுப்ப வேண்டும், 1997ஆம் ஆண்டுச் சட்டம் அது. நேட்டால் பக்கம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள முன்சிபல் நூலகம் அப்படி ஒரு வைப்பு நூலகம். இதைச் செலவாக நினைக்காதீர்கள், நூறு வருடம் கழித்து உங்கள் சுயசரிதை கிடைக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

டோங்காட் வாசகர்: எங்கள் கோயில் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம். பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

எங்கிருந்து வந்த படம் என்பதைப் பொறுத்தது. உங்கள் தாத்தா காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த படமென்றால், நம் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவர் பக்கம்தான் உரிமை. பத்திரிகையில் வந்த படமென்றால் அந்தப் பத்திரிகையைக் கேட்டாக வேண்டும், வெட்டி வைத்திருந்த தாள் உங்களிடம் இருப்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. கேட்டால் பல சமயம் ஒரு சின்னத் தொகைக்கோ, "நன்றி" என்று ஒரு வரிக்கோ ஒத்துக்கொள்வார்கள். கேட்கவேண்டியதை இப்போதே கேளுங்கள், கும்பாபிஷேகத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அல்ல.

இசிப்பிங்கோ வாசகி: நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். தென்னாப்பிரிக்கத் தமிழர் வாழ்க்கையைத் தமிழிலேயே எழுத விருப்பம். எல்லாரும் ஆங்கிலத்தில் எழுது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டு அரசியல் சாசனம் 6ஆம் பிரிவில் தமிழின் பெயரைச் சொல்லி, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் சாசனம் புத்தகம் வாங்காது. தேவாரம் மனப்பாடமாகப் பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பக்கம் தமிழ் உரைநடையைத் தடங்கலில்லாமல் படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே வகுப்பு எடுக்கிறீர்கள். டர்பனில் உள்ள வாசகருக்காக என்றால் ஆங்கிலம்தான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

ஆனால் உங்கள் புத்தகத்துக்கு டர்பன் வாசகர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? தமிழில் எழுதினால் உங்கள் வாசகர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிறார். நாம் எப்படி இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தில்லையாடி வள்ளியம்மையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள், காந்தி கதையில் ஓரமாக வருகிற தென்னாப்பிரிக்கத் தமிழரைத் தெரியும், அதோடு சரி. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் கேட்டோ மேனரிலிருந்து தூக்கி சாட்ஸ்வொர்த்தில் போட்டது, டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் வாழ்க்கை, ஈஸ்டர் விடுமுறையில் உங்கள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடுகிற கூட்டம், தமிழ் பேசத் தெரியாமலே தமிழனாக இருப்பது எப்படி என்பது – இதையெல்லாம் உள்ளிருந்து தமிழில் சொல்ல ஆள் குறைவு. இங்கே "சந்தை சிறியது" என்று சொல்லப்படுகிற அதே விஷயம் சென்னைப் பதிப்பாளருக்குப் புதுச் சரக்கு.

நேரே புத்தகமாக அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டு இதழ்கள், இணைய இதழ்களில் முதலில் கட்டுரைகளாக எழுதுங்கள். ஐந்தாறு கட்டுரை வந்தாலே உங்கள் பெயர் அங்கே நிற்கும், பதிப்பாளர்களும் அவற்றைத்தான் மேய்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது, பொங்கலை ஒட்டி ஜனவரியில். தமிழ்ப் பதிப்புலகம் முழுக்க அந்த மாதத்தை வைத்துத்தான் ஓடுகிறது. ஜனவரியில் வர வேண்டிய புத்தகத்தை டிசம்பரில் கொடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆண்டின் நடுவிலேயே பேச்சைத் தொடங்குங்கள். 2023 முதல் தமிழ்நாடு அரசு பன்னாட்டுப் புத்தகக் காட்சி என்று மொழிபெயர்ப்பு உரிமை பேசுவதற்காகவே தனியாக ஒன்றும் நடத்துகிறது. அங்கே தமிழில் வந்து பேசப்பட்ட புத்தகம் பிறகு ஆங்கிலத்தில் டர்பனுக்கே திரும்பி வருவதும் நடக்கக் கூடியதுதான். அமேசானின் கிண்டில் மின்னூல் சேவையும் 2016 கடைசியிலிருந்து தமிழை ஏற்கிறது, ஆகவே அங்கே வந்த நூலை இங்கே உள்ள சிலர் போனிலேயே வாங்கிப் படிக்கலாம், தபால் செலவு இல்லை.

உங்கள் பேச்சுத் தமிழை மட்டும் சென்னைத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். எடிட்டர் திருத்த வந்தால் சண்டை போடுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்: முன்கூட்டியே கட்டுரைகளாகப் போட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா? எல்லாம் படித்துவிட்டால் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

எழுதிய வரிகளுக்குப் பதிப்புரிமை எழுதின கணமே வந்துவிடுகிறது, பதிவு எதுவும் தேவையில்லை. விஷயத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, பாரக்ஸ் வாழ்க்கையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதலில் நீங்கள் எழுதி உங்கள் பெயரோடு அந்த விஷயம் ஒட்டிக்கொண்டால் அதுவே பெரிய பாதுகாப்பு.

இரண்டாவது கேள்விக்கு: உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை 1940இல் ஆனந்த விகடனில் வாரா வாரம் எழுதத் தொடங்கினார், 1942இல் அவர் காலமானபோது அது முடியாமலே நின்றது, 1950இல் நூலாக வந்தது. வாரா வாரம் படித்திருந்தார்களே, யார் வாங்குவார்கள் என்று யாரும் அதை அச்சடிக்காமல் விட்டுவிடவில்லை, இன்றைக்கும் விற்கிறது. ஆனால் முழுப் புத்தகத்தையும் அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் ஏற்றிவிட்டுப் பதிப்பாளரிடம் போனால் இந்தக் காலத்தில் முகம் சுளிப்பார்கள். கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு வெளியே போகலாம் என்பது என் கணக்கு.

டர்பன் வாசகர்: இதில் எழுத்தாளனுக்கு என்ன கிடைக்கும், நேராகச் சொல்லுங்கள்.

கொஞ்சம்தான். கணக்குக்காக, கடையில் 345 ராண்டுக்கு விற்கிற புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீத வாட் 45 ராண்ட் போனால் மிச்சம் 300. கடைக்காரர் 45 சதவீதம் எடுத்துக்கொண்டால் பதிப்பாளர் கைக்கு 165. அதில்தான் அச்சு, எடிட்டர், அட்டை, லாரி, கிடங்கு எல்லாம். உங்கள் ராயல்டி அந்த 165இல் 15 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால் பிரதிக்கு 24 ராண்ட் 75 சென்ட், 10 சதவீதம் என்றால் பதினாறரை. நம் மாதிரி விஷயத்துக்கு முதல் அச்சு ஆயிரம், இரண்டாயிரம் பிரதிதான் சாதாரணம், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் சதவீதம் விற்பனை விலையிலா, பதிப்பாளர் கைக்கு வருகிற தொகையிலா என்று ஒரு வார்த்தை இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிரியருக்குத் தள்ளுபடி விலையில் பிரதிகள் என்று ஒரு ஷரத்தும் கேட்டு வாங்குங்கள், கல்யாணங்களிலும் கோயில் மண்டபத்திலும் நீங்களே விற்பதில்தான் நிஜமான வரும்படி.

ஜோஹன்னஸ்பர்க் வாசகி: எனக்காகப் பதிப்பகங்களிடம் பேச ஏஜென்ட் வேண்டுமா? பதில் வராவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பது?

வேண்டாம். லண்டன், நியூயார்க் பதிப்பகம் என்றால் வேண்டும், இங்கே பெரும்பாலானவர்கள் எழுத்தாளரிடமிருந்தே நேராக வாங்கிப் பார்க்கிறார்கள். அவரவர் வெப்சைட்டில் எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருப்பார்கள், அதன்படியே அனுப்புங்கள், முழுப் பிரதியை இணைத்து எல்லாருக்கும் ஒரே இமெயிலில் தட்டிவிடாதீர்கள். மூன்று மாதம் பொறுத்து ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்பகம்.